ஒட்டிப்போகும் ஆசையும் மூடிய கதவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவில் குடியேறிய சீனர்களின் பிள்ளைகள், பள்ளியில் மற்றவர்களைப் போலத் தோன்றுவதற்காக வீட்டு உணவை மறைப்பதையும் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்வதையும் இந்தத் தலைமுறையின் பலவீனமாகக் கருதுவது சரியல்ல. 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில், அந்நகரிலேயே பிறந்த எட்டு வயதுச் சிறுமி மேமி டேப்பை, சீன வம்சாவளி என்ற ஒரே காரணத்தால் அரசுப் பள்ளி சேர்க்க மறுத்தது. அவளுடைய பெற்றோர் ஆங்கிலம் பேசினர். சீனர்கள் கூடி வாழ்ந்த சைனாடவுன் பகுதிக்கு வெளியே, வெள்ளையர்களுக்கு நடுவே வாழ்ந்தனர். பிள்ளைகளை மேற்கத்திய முறையிலேயே வளர்த்தனர். ஒட்டிப்போக விரும்பும் ஒரு குடும்பம் இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததும், மாநிலச் சட்டமன்றம் அவசர அவசரமாகச் சீனப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி அமைக்க வழிசெய்தது. எப்படி வாழ்ந்தாலும் எப்படி உடுத்தினாலும், சீனர் என்று தெரிந்துவிட்டால் வெறுக்கப்படுகிறோம் என்று தாய் மேரி டேப் பள்ளி வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். (அதன் ஆங்கிலத்தில் பிழைகள் உண்டு, கோபத்தில் ஒரு பிழையும் இல்லை.) மேமி இறுதியில் சீனர்களுக்கான பள்ளியில்தான் படித்தாள். 1927-இல், மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த மார்த்தா லம் என்ற சீனச் சிறுமியை வெள்ளையர் பள்ளியிலிருந்து விலக்கியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்