புதிய ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்குக் கட்டிடக் கமிட்டியின் ஸ்தோத்திரம்.

பிரதிஷ்டை ஆராதனையும் அசன விருந்தும் முடிந்து, வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். இனிக் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு. தணிக்கை செய்த வரவு செலவுப் பட்டியல் வீட்டுக்கு ஒன்றாக இந்த அறிக்கையுடன் தரப்படுகிறது. ரூபாய், பைசா எல்லாம் அதில் இருக்கிறது. பணம் எந்த வழியில் வந்தது, எங்கே தேங்கியது, எதையெல்லாம் வேண்டாம் என்று சொன்னோம் என்பவை பட்டியலில் தெரியாது. அவற்றை இங்கே எழுதுகிறோம்.

பழைய ஆலயச் சுவரின் விரிசல் நம் தாத்தாக்கள் காலத்திலேயே உண்டு. எத்தனை முறை பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் வாய் திறக்கும். கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும். சித்திரை, வைகாசியில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் ஆழமில்லாமல் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி எழுப்பிய சுவர் வேறு என்ன செய்யும்? ஆகவே பொறியாளர் சொன்னபடி இம்முறை அண்டர் ரீம்டு பைல் போட்டோம். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்காகவே வகுத்த முறை அது. மண் உப்பிச் சுருங்கும் ஆழத்தைத் தாண்டித் துளையிட்டு, அடிப்பகுதியை மட்டும் குடம்போல அகலப்படுத்துவார்கள். அந்தக் குமிழின் விட்டம் மேலே உள்ள தண்டைப்போல் சாதாரணமாக இரண்டரை மடங்கு இருக்கும். பிறகு கம்பி இறக்கிக் கான்கிரீட் நிரப்புவார்கள். மேல்மண் உப்பினாலும் அதைத் தூக்கிவிட முடியாது.

சிக்கல் என்னவென்றால், இவ்வளவும் தரைக்குக் கீழே. முதல் கட்டப் பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் போனது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைத் தவிரக் காட்ட ஒன்றுமில்லை. "இன்னும் ஒன்றும் எழும்பவில்லையே" என்ற பேச்சு கிளம்பியதும் காணிக்கை மெலிந்ததும் ஒரே சமயத்தில்தான். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்த பிறகோ கேட்காமலே பணம் வந்தது. பக்கத்துச் சபைகளிலிருந்து யோசனை கேட்டு வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: அஸ்திவாரத்துக்கான பணம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு அடிக்கல் நாட்டுங்கள். விழா நாளின் உற்சாகம் அந்தக் குழிகளைத் தாண்டி வராது.

தருவதாக வாக்களித்த காணிக்கையைத் தவணையாகக் குறிக்கும் பொருத்தனை அட்டைக்கு மாதக் கட்டம் போட்டால் போதும் என்று கமிட்டியில் சிலர் சொன்னார்கள். ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் அது சரி. தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமைதான் சம்பளம். மானாவாரி விவசாயிக்கோ உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விலையாகும் தை, மாசியில்தான் கையில் காசு. எனவே மூன்று விதமாக அட்டை அச்சடித்தோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தார் சனிக்கிழமை மாலைதோறும் தெருத்தெருவாகப் போனார்கள். காலண்டர் ஆணியில் தொங்கும் அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, பத்தும் இருபதுமாக வாங்கி வந்தார்கள். நிலுவை மிகக் குறைவாக நின்றது வாரந்தோறும் கட்டும் இந்த அட்டையில்தான். பெரிய தொகை எழுதிக் கொடுத்த அட்டைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கைப்பிடி அரிசியும் நடந்தது. உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே எடுத்து வைத்து, ஞாயிறன்று கொண்டுவருவது பழைய வழக்கம். ஆனால் பத்து வீட்டு அரிசி ஒரே சாக்கில் கலந்தால் சோறு ஒரே பதத்தில் வேகாது, கடைக்காரர்கள் எடுக்கவில்லை. கடைசியில் இட்லி மாவு அரைத்து விற்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

காணிக்கையாக வந்த பொருட்களை விடும் ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பூசணிக்காயை ஏலத்தில் எடுத்தவர், "மறுபடியும் விடுங்கள்" என்று மேசையிலேயே வைத்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே செய்தார். ஆராதனை முடிந்து பசியோடு இருந்த கூட்டம் கலையவே இல்லை. நல்ல காட்சிதான். ஆனால் ஏலத்தில் கேட்ட தொகை வேறு, வந்து சேர்ந்த தொகை வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டியலில் தனி வரியாகக் காட்டியிருக்கிறோம். பெயர் போடவில்லை. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பணம் குறித்துப் பலருக்கு மனவருத்தம். இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வளைகுடாவில் வேலை செய்கிறவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, வாங்கிக்கொண்டோம். குடியுரிமை மாறியவர் நம் சபையில் ஞானஸ்நானம் பெற்றவரே ஆனாலும், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அவர் பணத்தைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அது புது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். நம் சேகரத்துக்கு (ஒரே போதகரின் கீழ் உள்ள சபைகளுக்கு) அந்தப் பதிவு இல்லை. அந்தக் காணிக்கைகளை மறுத்ததற்குக் காரணம் இதுதான். பகையோ அலட்சியமோ அல்ல.

நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற்றுத் தரும் 80ஜி ரசீது கேட்டவர்களுக்கும் இல்லை என்றே சொன்னோம். குறிப்பிட்ட ஒரு மதத்தினருக்கான கட்டிடத்துக்குக் கொடுப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை. காசோலை கேட்டதற்காகக் கோபித்தவர்கள் இதைக் கவனிக்கவும். பழைய இடத்திலேயே கட்டினாலும் வழிபாட்டுத் தலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி தேவை. தொடக்கத்தில் ஏற்பட்ட தாமதம் அதனால்தான். கடன் வாங்கவில்லை. நிலம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால் அடமானம் நம் கையில் இல்லை. இருந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டோம்.

இனி உபயம். பழைய ஆலயத்தில் டியூப் லைட்டின் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பெயர்கள் இருந்ததையும், மின்விசிறி சுழலாத நேரத்தில் இறக்கைக்கு ஒரு குடும்பமாக வாசிக்க முடிந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். புதிய ஆலயத்தில் பிரதிஷ்டைக் கல்லைத் தவிர எங்கும் பெயர் இல்லை. இதனால் ஒரு பெரிய நன்கொடை கைவிட்டுப் போனது உண்மை. ஜன்னல் வாங்கித் தந்தவர் பெயர் இருக்கும்போது, வாரம் இருபது ரூபாய் கொடுத்தவர் பெயரை எந்தச் சுவரில் எழுதுவது என்ற கேள்விக்குக் கமிட்டியில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

பழைய உத்திரத் தேக்கு பிரசங்க பீடமாகியிருக்கிறது. ஓடு விற்ற பணம் வரவில் உள்ளது.

மணிக்கோபுரம் கட்டவில்லை. அதற்கான பைல்கள் மட்டும் போடப்பட்டிருக்கின்றன. பணம் சேர்ந்த பிறகே வேலை தொடங்கும். அதுவரை மணி இரும்புச் சட்டத்தில் தொங்கும். ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருக்கிறோம். வரும் பருவமழையில் கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கொடுப்போம்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூட்டம் நடக்கும். பில்களும் வவுச்சர்களும் மேசையில் இருக்கும். யாரும் புரட்டிப் பார்க்கலாம், கேட்கலாம். ரசீதுப் புத்தகமும் இருக்கும். ஏல பாக்கி உள்ளவர்கள் அன்றைக்கே கட்டிவிடலாம்.

இப்படிக்கு,
கட்டிடக் கமிட்டியார்