கொடைக்கானலில் இருக்கும் சூரியன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வானியலையும் இயற்பியலையும் ஒட்டி இன்றைக்கு நடக்கும் கலை முயற்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தமிழில் இதைப் பற்றி எழுதுவோர் குறைவு, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கட்டுரையில் பாதிக்கு மேல் ஜெனீவாவின் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் நிற்கும் நடராசரே இருந்தார். இந்திய அரசு அன்பளிப்பாகக் கொடுத்து, 2004 ஜூன் மாதம் திறக்கப்பட்ட 2 மீட்டர் சிலை அது. எனக்கும் அதில் பெருமை உண்டு. என்றாலும் கலையும் வானமும் என்று பேச்செடுத்தாலே நாம் அந்தச் சிலையடியில் போய் நின்றுவிடுகிறோம். எங்கள் வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறினால் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அதற்கு முன் ஒரு சிறு திருத்தம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி "கண்ணால் காணும் வண்ணங்களைப் படம் பிடித்தது" என்று கட்டுரை சொல்கிறது. வெப் பெரும்பாலும் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. நம் கண்ணுக்கு அது தெரியாது. அலைநீளம் கூடியதற்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்று ஒரு முறைப்படி வண்ணத்தைப் பின்னால் ஏற்றுகிறார்கள். பொய் சொல்வதற்காக அல்ல, வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் அந்த வண்ணங்களைப் பார்த்துக் கேன்வாசில் ஊதாவும் ரோஜாவும் தெளித்து "பிரபஞ்சம்" என்று பெயர் வைப்பவர்களை விண்வெளிக் கலைஞர்கள் என்று வரிசையில் முதலில் நிறுத்தியதுதான் எனக்கு உறுத்தியது. அதில் வானமும் இல்லை, இயற்பியலும் இல்லை. ஒரு புகைப்படத்தின் அழகு மட்டும்தான் இருக்கிறது.

எனக்குப் பிடித்தவை வேறு மாதிரி. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் நான்சி ஹோல்ட் என்ற கலைஞர் 1973 முதல் 1976 வரை செய்த 'சூரியச் சுரங்கங்கள்' என்ற படைப்பைச் சொல்லலாம். ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்குப் பெரிய நான்கு சிமெண்ட் குழாய்கள், ஒவ்வொன்றும் 18 அடி நீளம். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் தன் எல்லையைத் தொட்டுத் திரும்பும் நாட்களில், உதயமும் அஸ்தமனமும் குழாயின் வாய்க்குள் சரியாக வந்து விழும். குழாயின் மேற்புறத்தில் டிராகோ, பெர்சியஸ், கொலம்பா, மகரம் ஆகிய நான்கு விண்மீன் கூட்டங்களின் வடிவில் துளைகள். விண்மீனின் பிரகாசத்துக்கு ஏற்பத் துளையின் அளவும் மாறும். உச்சி வெயிலில் உள்ளே நின்றால் காலடியில் நட்சத்திரங்கள் கிடக்கும், சூரியன் நகர நகர அவையும் நகரும். அங்கே நான் போனதில்லை, படங்களில் பார்த்ததுதான். ஆனாலும் வெயிலே தூரிகையாக வேலை செய்கிறது என்பது படத்திலேயே தெரிகிறது.

ஸ்காட்லாந்தின் கலைஞர் கேட்டி பேட்டர்சன் 2007இல் செய்தது இன்னும் துணிச்சலானது. பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டா என்ற பியானோ இசையை, தந்தியில் பயன்பட்ட புள்ளியும் கோடுமான மோர்ஸ் குறியீடாக மாற்றி, வானொலி அலையில் நிலாவுக்கு அனுப்பினார். அலை 3,84,000 கிலோமீட்டர் போய், நிலாவில் பட்டுத் திரும்பி வர சுமார் இரண்டரை வினாடி. நிலாவின் மேடுபள்ளங்களில் சில சுரங்கள் தொலைந்துபோயின. திரும்பி வந்ததை அப்படியே, தானாக வாசிக்கும் ஒரு பியானோவுக்குக் கொடுத்தார். இசையில் ஆங்காங்கே மௌனம் விழுகிறது. அந்த இடைவெளிகளை உண்டாக்கியது நிலாவின் தரை. கலைஞர் ஒதுங்கி நின்று இயற்கைக்கு இடம் கொடுத்திருக்கிறார்.

சரி, கொடைக்கானலுக்கு வருகிறேன். அந்த ஆய்வகம் 1899இல் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்தின் வடு ஆறாத காலம். மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியும் அது பிறந்ததற்கு ஒரு காரணம். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதை அங்கேதான் நிறமாலை வழியாக, அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்து, கண்டுபிடித்தார். ஆனால் என் மனதைக் கவர்வது அந்தக் கண்டுபிடிப்பைவிட அன்றாட வேலைதான். தரை சூடேறிக் காற்று அலைவதற்கு முன், காலையிலேயே சூரியனைப் படமெடுக்க வேண்டும். மேகம் இல்லாத நாளெல்லாம் எடுத்தார்கள். கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருளிலும் நூறு ஆண்டுகளாகச் சேர்ந்தவை அவை. அதோடு, சூரியனுக்கு ஒரு வட்டம் போட்டு உள்ளே கோடு கட்டிய தாளில், கரும்புள்ளிக்கு ஒரு நிறம், சூரியன் மேல் கருங்கோடாகத் தெரியும் இழைக்கு ஒரு நிறம், விளிம்பில் எழும் கொழுந்துக்கு ஒரு நிறம் என்று கையால் வரைந்த படங்களும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வரைந்தவர்கள் யாரும் தங்களைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டதில்லை.

டெல்லியைச் சேர்ந்த ரோகிணி தேவஷேர், தாமே வானம் பார்க்கும் பழக்கம் உள்ள கலைஞர், இந்தச் சேமிப்பைக் கொண்டு 'ஒரு லட்சம் சூரியன்கள்' என்ற படைப்பைச் செய்திருக்கிறார். நான்கு திரைகளில் ஓடும் படம் அது. கொடைக்கானலில் எடுத்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சூரியப் படங்கள்தான் அதன் மூலப்பொருள். முழுதாகப் பார்க்க எனக்கு இன்னும் வாய்க்கவில்லை, சில பகுதிகளை மட்டும் பார்த்தேன். ஒரே சூரியன் ஒவ்வொரு தகட்டிலும் வேறு சூரியனாக இருக்கிறது. இந்த ஒரு படைப்பைப் பற்றி எழுதியிருந்தாலே கட்டுரை நம் வாசகருக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் வகுப்பில் நடந்த ஒன்று நினைவில் இருக்கிறது. 2001இல் சூரியனில் புள்ளிகள் மிகுந்திருந்தன. பள்ளியில் ஒரு சின்னத் தொலைநோக்கி இருந்தது. சூரியனை நேரே பார்க்க விடாமல், பிம்பத்தை வெள்ளை அட்டையில் விழவைத்து, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் பென்சிலால் புள்ளியைக் குறிக்கச் சொன்னேன். பன்னிரண்டு நாளில் ஒரு புள்ளி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சூரியன் சுற்றுகிறது என்று நான் பாடமாகச் சொன்னபோது யாரும் அசையவில்லை, அன்றைக்குக் கைதட்டினார்கள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ ஒரு பெண் பென்சிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "டீச்சர், கறுப்பைச் சுத்திச் சாம்பலா ஒரு வளையம் இருக்கு. அதை எந்தப் பென்சில்ல போட?" புறநிழல் என்ற சொல்லை நான் அதுவரை அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவள் தானாகப் பார்த்திருந்தாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கொடைக்கானலின் கைவரைபடங்களில் சிலவற்றை உரிய அனுமதி பெற்று உங்கள் இதழில் வண்ணத்தில், முழுப் பக்கத்தில் அச்சிடுங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் ஒதுக்கி, அந்தத் தாள்களையும் கண்ணாடித் தகடுகளையும் தேவஷேரின் படத்தையும் ஒன்றாக வைக்கச் சொல்லி எழுதுங்கள். மலைக்குச் சுற்றுலா போகும் பள்ளிகள் படகுச் சவாரியோடு திரும்பிவிடாமல் அரை நாளை ஆய்வகத்துக்கு ஒதுக்கட்டும். போகிற பிள்ளைகள் கையில் ஒரு பென்சிலும் வெள்ளைத் தாளும் இருக்கட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
வத்தலக்குண்டு