ராஜாக்கள் வந்து சேரும்வரை குடிலைப் பிரிக்காதீர்கள்

அன்புள்ள சாமி அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

தோத்திரம். ஜனவரி 2-ஆம் தேதி காலையில் நம் கோயில் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரித்தது பற்றித்தான் எழுதுகிறேன். காரணங்களை எனக்கும் சொன்னார்கள். சீரியல் லைட் வாடகை புத்தாண்டோடு முடிகிறது, வைக்கோலுக்குள் எலி வருகிறது, பையன்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். சரி, எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் இரண்டே நாளில், ஜனவரி 4 ஞாயிறன்று, பாலன் இயேசுவைக் காண ஞானிகள் வந்ததை நினைக்கும் மூன்று ராஜாக்கள் திருநாள். அதுவரை பொறுத்திருக்கக் கூடாதா?

என் அம்மாவுக்கு 81 வயது. நவம்பரில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆனது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தவறவிடாத கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையை இந்த முறை படுக்கையிலிருந்து மணிச்சத்தமாக மட்டும் கேட்டார்கள். "ராஜாக்கள் திருநாளுக்கு எப்படியாவது கூட்டிட்டுப் போயிரு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தேன். வாக்கரை ஓரமாக வைத்துவிட்டுப் பூசை முழுவதும் உட்கார்ந்திருந்தார்கள். நற்செய்தியில் ஞானிகள் வீட்டுக்குள் போய்க் குழந்தையை அதன் தாய் மரியாவோடு கண்டார்கள், விழுந்து வணங்கினார்கள், பொன்னும் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் கொடுத்தார்கள் என்று நீங்கள்தான் வாசித்தீர்கள்.

பூசை முடிந்ததும் அம்மா "பாலனைப் பார்த்துட்டுப் போவோம்" என்றார்கள். வாக்கரை ஊன்றி ஊன்றி பீடத்தின் இடது பக்கம் வரை போய்ச் சேரக் கால் மணி நேரம் ஆனது. அங்கே மணல் கறையும் ஒரு துண்டு வயரும்தான் கிடந்தன. கேழ்வரகு முளைக்கப் போட்டிருந்த தொட்டிகளை வெளியே பின்சுவர் ஓரத்தில் கொட்டியிருந்தார்கள். அதில் பச்சைகூட மாறவில்லை.

கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை நல்ல மனுஷர். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அட்டைப்பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றியிருந்த பாலனை எடுத்து வந்து கையில் கொடுத்தார். அம்மா முத்தி செய்து திருப்பிக் கொடுத்தார்கள். ஆட்டோவில் ஏறியதும் சொன்னார்கள்: "ராஜாக்கள் வந்து சேருமுன்னே வீட்டைக் காலி பண்ணிட்டாங்களே." அதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

குடில் வெறும் அலங்காரம் இல்லை, சாமி. 1223-இல் இத்தாலியின் கிரெச்சியோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் வைத்து அதை ஏற்படுத்தியது, பெத்லகேமின் ஏழ்மையைப் பாமர ஜனங்கள் கண்ணால் காண வேண்டும் என்றுதான். போப் பிரான்சிஸ் 2019 டிசம்பர் 1 அன்று அதே ஊரில் கையெழுத்திட்ட திருமடலில், திருக்காட்சி விழா, அதாவது இந்த ராஜாக்கள் திருநாள், நெருங்கும்போது மூன்று ராஜாக்களின் சுரூபங்களைக் குடிலில் வைக்கும் வழக்கத்தையும் சொல்கிறார். நம்மிடம் அவர்களை வைக்கக் குடிலே இல்லை. கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை அது ஜனவரி 11. நான் கேட்பது அந்த ஞாயிறு வரை குடில் இருக்க வேண்டும் என்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாகக் கிடக்கிறது. டிசம்பர் பிறந்ததுமே நட்சத்திரம், வீடு வீடாகக் கேரல், தாத்தா வேஷம், கேக், கலைநிகழ்ச்சி. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் காத்திருப்பு நமக்கு மறந்தே போய்விட்டது. பாலன் பிறந்த மறுநாள் கோயில் காலியாகிவிடுகிறது. 26 புனித முடியப்பர் திருநாள், 27 புனித அருளப்பர் திருநாள், 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். ஏரோது கொன்ற அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு நாள் இருப்பதே நம் மறைக்கல்விப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. பிறப்புக்கு முன்னால் ஒரு மாதம் கொண்டாடிவிட்டு, பிறந்த பிறகு ஒன்பதாம் நாளே பெட்டியில் போட்டு மூடுகிறோம். இது எனக்கு வலிக்கிறது.

கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் மன்னியுங்கள். குடில் கட்டிய இளைஞர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து, பழுப்புக் காகிதத்தில் மலையும் கண்ணாடியில் குளமும் செய்ததைப் பார்த்தவள் நான். அவ்வளவு உழைப்பு இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

அந்தப் பத்து நாள் லைட் வாடகையை நான் கொடுத்துவிடுகிறேன். எலிக்குப் பயந்து வைக்கோலை மாற்ற வேண்டுமென்றால் எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த பங்குக் குழு) மூன்று வீட்டார் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பிரிக்கிற வேலைக்கும் நாங்களே வருகிறோம். அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, திருமுழுக்கு விழா வரை குடிலைப் பிரிப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடும்படி தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன். அம்மாவிடம் அதைச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பங்கு மக்களில் ஒருத்தி