ஐஸ்பழ நானாவுக்கும் ஏனையோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்பார்ந்த பெற்றோருக்கும், பழைய மாணவர்களுக்கும், எங்கள் பாடசாலையை அந்த நாட்களில் நினைத்துக்கொண்ட அனைவருக்கும்,

வெள்ளத்தின் கதையை நான் இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த நீர் எவ்வளவு உயரத்தில் நின்றது என்பதை இந்த மடலை வாசிக்கும் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுச் சுவரிலேயே பார்த்திருப்பீர்கள். எங்கள் கட்டடத்தில் அந்தக் கோடு தரம் 3 வகுப்பறையின் கரும்பலகைக்கு ஒரு சாண் கீழே இருக்கிறது. அதை வெள்ளையடித்து மறைக்க வேண்டாம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தாய்மாரே கேட்டுக்கொண்டதால் அது அப்படியே இருக்கும். நேற்று, பிள்ளைகள் சேர்ந்த விபரம் எழுதிய எங்கள் சேர்விடாப்புகளில் கடைசியானதும் நன்றாகக் காய்ந்து அலுவலக அலுமாரிக்குத் திரும்பிவிட்டது. அந்த மகிழ்ச்சியின் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நன்றிக்குரியவர்கள் பலர். பெரும்போகத்துக்கு விதைத்த தங்கள் வயல் நீருக்குள் கிடக்கையிலும் உழவு இயந்திரங்களைக் கொண்டுவந்து பிள்ளைகளையும் முதியவர்களையும் ஏற்றிச் சென்ற விவசாயிகள், கோயிலிலும் பள்ளிவாசலிலும் சமைத்து அனுப்பியவர்கள், வகுப்பறைகளில் முழங்கால் அளவுக்குப் படிந்திருந்த சேற்றை இரண்டு நாட்களில் வாரி வெளியேற்றிய விளையாட்டுக் கழக இளைஞர்கள், தும்புத்தடியோடு வந்து சுவரை உரஞ்சிக் கழுவிய தாய்மார், கிணற்றை இறைப்பித்துக் குளோரின் இட்டுத் தந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், தன்னுடைய வீடே மூழ்கியிருந்தபோதும் பட்டியலும் கையுமாக அலைந்த கிராம உத்தியோகத்தர், கொப்பிகளும் சப்பாத்துகளும் அனுப்பிய வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள், நாற்காலிகளைத் தந்துதவிய அயல் பாடசாலை ஆகிய எல்லோருக்கும் எங்கள் நன்றி உரியது. நாட்டின் பெரும்பாலான பாடசாலைகள் டிசம்பர் 16ஆம் திகதி மீண்டும் திறந்தபோது எங்கள் பிள்ளைகளும் அன்றே வரிசையில் நின்று காலைக் கூட்டத்தில் தேவாரம் பாட முடிந்ததென்றால் அது இவர்களால்தான். ஒரேயொரு புத்தகப் பையைப் பதினொரு பேர் சேர்ந்து பிடித்தபடி படமெடுத்துக்கொண்டு போனவர்களுக்கும் நன்றி கூறுகிறேன், ஏனென்றால் பை நல்ல பைதான்.

ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. அவர் கொண்டுவந்தது உணவோ உடையோ அல்ல என்பதால் எந்த நிவாரணப் பட்டியலிலும் அவருடைய பெயர் ஏறவில்லை.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். நீர் ஏறுகிறது என்ற செய்தி வந்த இரவு அலுவலகத்திலிருந்த மடிக்கணினியையும் பரீட்சைக் கோவைகளையும் ஒலிபெருக்கியையும் மேசை மேல் மேசை போட்டு உயரத்தில் வைத்தேன். இரும்பு அலுமாரியின் அடித்தட்டில் கிடந்த ஏழு சேர்விடாப்புகள் நினைவுக்கு வரவில்லை. தினமும் கையில் எடுப்பவற்றைக் காப்பாற்றினேன். பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து இருப்பவற்றை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் அலுமாரிக் கதவை இரண்டு இளைஞர்கள் நெம்பித் திறந்தபோது ஏழும் ஊதிப் பெருத்து ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன.

சேர்விடாப்பு என்பது எங்கள் பகுதியில் என்னவென்று வெளியூர் நண்பர்களுக்காக ஓரிரு வரி சொல்ல வேண்டும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பெற்றார் பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகியதற்கான காரணம் ஆகியவற்றை அதிபர் தன் கையால் எழுதி ஒப்பமிடும் இடாப்பு அது. விடுகைப் பத்திரம் அதிலிருந்துதான் எழுதப்படுகிறது. பிறப்பு பதியப்படாமலே வளர்ந்தவர்களும், இடப்பெயர்வில் எல்லாப் பத்திரங்களையும் இழந்தவர்களும், காலங்கடந்த பிறப்புப் பதிவுக்காகவோ அடையாள அட்டைக்காகவோ அலையும்போது கடைசியாக வந்து நிற்கும் வாசல் தாம் படித்த ஆரம்பப் பாடசாலையின் வாசல்தான். எங்கள் இடாப்பில் அந்தக் கடைசி நிரலை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தாலே ஊரின் சரித்திரம் தெரியும். 1978ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிந்திய பக்கத்தில் 'வீடு விழுந்தமை' என்று வருகிறது. 1990இலும் 2007இலும் பக்கம் பக்கமாக 'இடப்பெயர்வு' என்ற ஒரே சொல். எழுதியவர் கை சோர்ந்ததாலோ என்னவோ, சில இடங்களில் அந்தச் சொல்லுக்குக் கீழே மேற்படிக் குறி மட்டும் இருக்கிறது. இத்தனையையும் தாண்டி ஒரு முன்னாள் அதிபர் அரிசிச் சாக்குக்குள் சுற்றித் தலையில் சுமந்து காத்த இடாப்புகளை ஓர் அடித்தட்டில் மறந்து வைத்தவன் நான்.

நூலகப் பணியில் இருக்கும் எங்கள் பழைய மாணவி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பக்கங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டாம், வெயிலில் போட வேண்டாம், முடிந்தால் இன்றே உறைய வையுங்கள் என்றார். முதலில் எனக்கு அது விளையாட்டாகவே பட்டது. ஈரத் தாளில் இரண்டு நாட்களுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், உறைய வைத்தால் பூஞ்சணமும் நிற்கும், மை ஊறுவதும் நிற்கும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து ஆறுதலாக உலர்த்தலாம் என்று பொறுமையாக விளக்கினார். சரி, உறைய வைக்க எங்கே போவது? ஊரில் இருந்த குளிர்சாதனப் பெட்டிகளெல்லாம் வாசலில் கவிழ்ந்து கிடந்து சேறு வடித்துக்கொண்டிருந்தன. நகரத்தில் கேட்ட ஓரிடத்தில், உணவு வைக்கும் பெட்டிக்குள் சேற்றுப் புத்தகத்தை எப்படி வைப்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் பிழையில்லை.

அப்போதுதான் தரம் 1 ஆசிரியை, "சேர், ஐஸ்பழ நானாட்ட பெரிய பிரீசர் பெட்டி இருக்குமே" என்றார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மணியடித்தபடி வரும் அந்த மனிதரை எங்கள் வாசலில் நிற்கக் கூடாது என்று இரண்டு தவணைகளுக்கு முன்னர் அனுப்பிவைத்தவன் நான்தான். ஐஸ்பழத்தின் நிறம் பற்றியும் அதற்கு எடுக்கும் நீர் பற்றியும் சில பெற்றார் முறையிட்டிருந்தார்கள்; அதைக் கேட்டு நடவடிக்கை எடுப்பது என் கடமையே. ஆனால் அவரை அழைத்து உட்கார வைத்து எந்தக் கிணற்று நீர், என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளைகள் காசை நீட்டிக்கொண்டு சுற்றி நிற்கையில் சத்தமாகச் சொல்லி அனுப்பியதைக் கடமை என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. அவர் ஒரு சொல்லும் பேசாமல் பெட்டியின் மூடியைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனார்.

அழைப்பு எடுத்தது ஆசிரியைதான். அன்று பிற்பகலே நானா வந்துவிட்டார். செங்கலடி பதுளை வீதியில் நீர் குறுக்கறுத்த இடத்தில் மோட்டார் சைக்கிளை உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக் கடந்து, குளிர் போகாமல் காக்கும் வழக்கமான ரெஜிபோம் பெட்டியோடு அலுவலக வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் "சேர், எத்தின புத்தகம்?" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒவ்வோர் இடாப்பையும் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கைகளாலும் அடியில் ஏந்தி எடுத்துப் பொலித்தீனில் சுற்றினார். அடுத்து அவர் செய்ததை நூலகத்தில் இருப்பவரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. புத்தகங்கள் உறையும்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடும் என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு கட்டு ஐஸ்பழக் குச்சிகளை எடுத்து, ஒவ்வொரு பொதிக்கும் இடையில் நான்கு நான்காக அடுக்கினார். எது முதலாவது, எது கடைசி என்று குழம்பாமலிருக்க அந்தக் குச்சிகளிலேயே இலக்கம் எழுதச் சொல்லிப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

வாடகை என்று ஒரு தொகையைக் கொடுக்க முயன்றேன். "மழைக்குள்ள ஆர் சேர் ஐஸ்பழம் குடிக்கிற? பெட்டி சும்மாதானே கிடக்கு" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருடைய பிரீசர் பெட்டி சும்மா கிடக்கவில்லை என்பது ஒரு வாரம் கழித்தே தெரியவந்தது. அதற்குள் இருந்த ஐஸ்பழங்கள் அனைத்தையும் அன்று மாலையே ஓர் இடைத்தங்கல் முகாமிலிருந்த பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்திருக்கிறார். கொட்டும் மழையில் பிள்ளைகள் ஐஸ்பழம் குடிப்பதைக் கண்ட தாய்மார் தடிமன் பிடிக்கும் என்று அவரை ஏசியிருக்கிறார்கள். ஏச்சு வாங்கியதைத்தான் அவர் பெரிய பகிடியாகச் சொன்னார். நட்டத்தைப் பற்றிச் சொன்னது அவருடைய மருமகன். இடையில் ஓர் இரவு மின்சாரம் நின்றபோது மீன் வியாபாரிகள் வாங்கும் ஐஸ் கட்டிகளை வாங்கி வந்து பெட்டியை நிரப்பியதும் அந்த மருமகன் சொல்லியே எங்களுக்குத் தெரியும்.

அதன்பின் இடாப்புகள் ஒவ்வொன்றாக எங்களிடம் வந்தன. ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்தது என்பது ஏற்பாடு. தரம் 5 வகுப்பறையில் மேசைகளை ஒன்றாக்கி, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, பக்கங்களுக்கிடையில் அச்சிடாத வெள்ளைத் தாளை வைத்து, தாள் நனைந்ததும் மாற்றி, மீண்டும் நனைந்ததும் மாற்றி, ஆசிரியைகள் முறைவைத்து இருந்தார்கள். ஒட்டிய பக்கத்தைத் தூக்குவதற்கு நகமும் ஆகவில்லை, அடிமட்டமும் ஆகவில்லை. தட்டையாகவும் முனை மழுங்கியும் இருந்த அந்த ஐஸ்பழக் குச்சிகளே கடைசியில் கைகொடுத்தன. அறுபது வருடங்களுக்கு முன்னர் நீலக்கறுப்பு மையால் எழுதிய பக்கங்கள் ஒரு புள்ளியும் கலையாமல் நிற்க, பிற்காலத்தில் வெளிர்நீல மை ஊற்றி எழுதிய சில பக்கங்கள் வானம்போல் ஆகிவிட்டன என்பதையும் இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். அப்படி அழிந்த பெயர்களை வரவு இடாப்புகளிலிருந்தும் பெற்றாரிடம் கேட்டும் மீண்டும் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டில் பழைய விடுகைப் பத்திரமோ தேர்ச்சி அறிக்கையோ இருந்தால் தயவுசெய்து ஒரு பிரதி தாருங்கள்.

ஐந்தாவது இடாப்பு மேசையில் விரித்துக் கிடந்த நாளில், வெள்ளத்தில் வீட்டுப் பத்திரங்கள் அனைத்தையும் இழந்த ஒரு தாய் தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதை நெருங்குபவர். இடம்பெயர்ந்திருந்த இடத்தில் பிறந்தவர். "என்ட பேர் கிடக்கா சேர்?" என்று கதவடியிலேயே நின்று கேட்டார். ஆசிரியை குச்சியை நுழைத்து அந்தப் பக்கத்தை மெல்லத் தூக்கினார். ஓரம் பழுப்பேறியிருந்தது. பெயரும் பிறந்த திகதியும் தகப்பனார் பெயரும் குமிழ்முனைப் பேனாவின் அழுத்தத்தில் அப்படியே இருந்தன. மகள் எழுத்துக்கூட்டித் தன் தாயின் பெயரை வாசித்தாள். அந்த அறையில் யாரும் சிறிது நேரம் எதுவும் பேசவில்லை.

இனிச் செய்யப்போவதையும் எல்லோரும் அறிய எழுதிவைக்கிறேன். ஏழு இடாப்புகளும் பக்கம் பக்கமாகப் படம் பிடிக்கப்பட்டு ஒரு பிரதி பாடசாலைக்கு வெளியே வைக்கப்படும். இடாப்புகளுக்கான தட்டு இனி அலுமாரியின் உச்சித் தட்டு. ஊதிய பக்கங்கள் பழைய அளவுக்குச் சுருங்காததால் அதன் உயரத்தையும் தச்சுத் தொழிலாளி கூட்டித் தந்திருக்கிறார். எச்சரிக்கை வந்தால் முதலில் வெளியேற வேண்டியவை அவையே என்று சம்பவத் திரட்டில் எழுதி ஒப்பமிட்டிருக்கிறேன். வாசல் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். இம்முறை நானாவையும் அழைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் வைத்துக்கொண்டு, நீர், நிறம், மூடி எல்லாவற்றையும் பேசியே எடுத்தோம். பாடசாலை விட்ட பிறகு, 1.30 மணிக்கு, வீதியோரத்து வம்மி மரத்தடி அவருக்கு.

இந்த மடலில் அவருடைய பெயரை எழுத அனுமதி கேட்டேன். "ஐஸ்பழ நானா எண்டே போடுங்க சேர், பிள்ளைகளுக்கு அதுதான் தெரியும்" என்றார்.

திங்கட்கிழமை அவர் வம்மி மரத்தடிக்கு வந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடினார்கள். அன்று எல்லோர் முன்னிலையிலும் அவரை அனுப்பியது போலவே எல்லோர் முன்னிலையிலும் போய் நின்று, முதல் ஐஸ்பழத்தை நானே கேட்டு வாங்கினேன். அவர் இம்முறை காசு வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு, மிச்சத்தை எண்ணித் தந்தார்.

நன்றியுடன்,
அதிபர்
(ஆசிரியர்கள், மாணவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியோர் சார்பாக)