"போதும்மா" என்று அவள் சொன்ன பிறகும்

வீட்டிலேயே கிளிப்பும் ஹேர்பேண்டும் மணி வளையலும் செய்து, விற்பதற்காகச் சொந்தப் பிள்ளைக்கே மாட்டிவிட்டுப் படம் எடுக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும்,

வணக்கம். நானும் உங்களில் ஒருத்திதான். துணிப்பூ கிளிப், க்ரோஷா ஹேர்பேண்ட் செய்கிறேன். என் மகளுக்கு 5 வயது. 3 வயதிலிருந்து அவள்தான் எனக்கு மாடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு ராத்திரி, அன்று எடுத்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 84. வழக்கமாக நல்ல படத்தை மட்டும் தேடித் தாவித் தாவிப் போவேன். அன்று என்னவோ, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தேன். தொடக்கத்தில் அவள் கண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. 30ஐத் தாண்டினால் உதடு மட்டும். 50க்கு அப்புறம் எல்லாப் படத்திலும் ஒரே சிரிப்பு, அச்சில் வார்த்த மாதிரி. 61ஆவது படத்தில் அவள் கை காதுக்குப் பின்னால் போயிருக்கிறது. கை மறைக்கிறதே என்று அதை நீக்கப் பார்த்தேன். பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது, ஹேர்பேண்டின் நுனி அழுத்திய இடம் சிவந்திருந்தது.

முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையில் 47 நிமிடம். நடுவில் "போதும்மா" என்றாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, கண்ணு" என்றேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

வேறு யாராவது ஒரு ஸ்டூடியோவில் அவளை அவ்வளவு நேரம் நிற்க வைத்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். வீடு என்பதால், நான் அம்மா என்பதால், கேட்க ஆளில்லை. இதைத்தான் உங்களிடம் பேச வந்தேன். பிள்ளை "போதும்" என்றால் அந்த நொடியே கேமராவைக் கீழே வைத்துவிடுவோம். ஒரு படம்கூட சரியாக வராவிட்டாலும் சரி.

1989இல் ஐ.நா. சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அதற்கு மதிப்புக் கிடைக்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. 16ஆம் பிரிவு அந்தரங்க உரிமையைச் சொல்கிறது. 2020இல் பிரான்ஸ் ஒரு சட்டமே கொண்டுவந்தது: இணையக் காணொளிகளில் நடிக்கும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வருமானத்தில் ஒரு பங்கை அவர்கள் பெரியவர்களாகும்வரை பத்திரமாக வைக்க வேண்டும். நம் வேலை அவ்வளவு பெரியது இல்லைதான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துத்தானே ஒருவர் வாங்குகிறார்? விற்ற பணத்தில் ஒரு பங்கை அவள் பெயரில் எடுத்து வைக்கத் தொடங்கியிருக்கிறேன்.

சரி, "போதும்" என்பதற்கு முன்னால் வேலை முடியுமா? முடியும். அந்த 47 நிமிடத்தில் பெரும்பகுதி அவளுக்காகப் போகவில்லை. வெளிச்சம் சரியில்லை, பின்னணி சரியில்லை என்று நான் தடுமாறிய நேரம் அது. இப்போது அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். நேர்வெயில் விழாத ஜன்னலாகப் பார்த்து, மெல்லிய வெள்ளைத் திரை போடுகிறேன். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் முகத்தின் மறுபாதி இருளடையாது. அறை விளக்குகளைக் கட்டாயம் அணைக்க வேண்டும். மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் ரோஜா நிற ரிப்பன் ஒரு பக்கம் ஆரஞ்சாகத் தெரியும். வாங்கியவர் நிறம் வேறு என்பார். அவள் உயரத்துக்கு ஒரு கரடி பொம்மையை உட்கார வைத்து, அதற்கு ஹேர்பேண்டை மாட்டி, ஃபோகஸ், வெளிச்சம் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன். குழந்தை அசையாமல் இருக்காது என்பதால் கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 250இல் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கட்டும். போனின் அகல லென்ஸை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் மூக்குப் பெரிதாகிவிடும். இரண்டடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வைத்தால் முகம் இயல்பாக வரும். இவ்வளவும் முடிந்த பிறகு அவள் வந்து உட்கார்ந்தால் 7, 8 நிமிடம் போதும். கதை சொல்லிக்கொண்டே எடுக்கிறேன். "சிரி" என்று இப்போது சொல்வதில்லை.

இன்னொன்று, முகம் எதற்கு? கிளிப் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியது அது பின்னலில் எப்படி உட்காருகிறது, எவ்வளவு பெரியது என்பதுதான். பின்னந்தலையிலிருந்து எடுத்த படம் அதை இன்னும் நன்றாகவே காட்டும். வளையலுக்கு மணிக்கட்டு போதும். முகம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், பள்ளிச் சீருடையும் வீட்டு அடையாளமும் படத்தில் வராமல் பாருங்கள். போனில் இருப்பிடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீடு இருக்கும் இடமே படக்கோப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். படத்துக்காக மாட்டிய ஹேர்பேண்டோடும் மாலையோடும் குழந்தையைத் தூங்க விடாதீர்கள், தூங்கும்போது அழகாக இருக்கிறதே என்று எடுக்கவும் வேண்டாம். எலாஸ்டிக் நழுவி மூக்குக்கு வரலாம், கழுத்துக்கும் இறங்கலாம். 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பல் முளைக்கும் குழந்தைகளுக்கான மணிமாலைகளைப் பற்றி எச்சரித்தபோது, தூக்கத்தில் மாலை இறுகி இறந்த 18 மாதக் குழந்தையைக் குறிப்பிட்டது. மணி, பொத்தான் விஷயமும் அப்படித்தான். 3 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியதாகவே கருதப்படும். நாம் பசை வைத்து ஒட்டுகிற பொத்தான்கள் எல்லாமே அதில் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

இப்போது எடுத்த படங்களை அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். வேண்டாம் என்று அவள் சொல்வதை நீக்கிவிடுகிறேன். ஒருமுறை எனக்கு ரொம்பப் பிடித்த படத்தை "இதுல நான் அழற மாதிரி இருக்கேன்" என்றாள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆனாலும் நீக்கினேன்.

ஒரு வேண்டுகோள். உங்கள் போனிலும் பழைய படங்கள் இருக்கும். ஏதாவது ஒரு நாளின் படங்களை முதலிலிருந்து கடைசிவரை, ஒன்றைக்கூட விடாமல் பாருங்கள்.

போன வாரம் புதிதாக 4 ஹேர்பேண்ட் பின்னினேன். எடுக்கலாமா என்று கேட்டேன். "இன்னிக்கு வேணாம்மா" என்று விளையாடப் போய்விட்டாள். நாலையும் கரடிக்கு மாட்டி எடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு அம்மா