மேல்மாடிக் குழந்தையும் மெல்லிய தளமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறு குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தள வீடுகளை மட்டுமே வாடகைக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். தூக்கம் கெட்டவரின் எரிச்சல் அவருடைய ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. அந்த எரிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் வழி, பிரச்சினையை ஒரு தளம் கீழே இறக்கிவைப்பதோடு நின்றுவிடுகிறது. தரைத்தளத்திலும் இந்த வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர்தானே?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத்தில் புகார்களைக் கேட்கும் வேலை என் தலையில் விழுந்து சில ஆண்டுகள் ஆகின்றன. தண்ணீர், வாகன நிறுத்தம், குப்பை என்று வரும் புகார்கள் எப்படியோ தீர்ந்துவிடும். குழந்தைச் சத்தம் பற்றிய புகார் மட்டும் தீராமல் பகையாக முற்றும். கீழ்வீட்டுக்காரர், "வேண்டுமென்றே குதிக்கவிடுகிறார்கள்" என்பார். மேல்வீட்டுக்காரர், "குழந்தையைக் கட்டியா போட முடியும்?" என்பார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு அப்பால் பேச்சு நகர்ந்து நான் பார்த்தது அபூர்வம். உண்மையில் அந்த அறையில் இன்னொருவரும் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும்: இவ்வளவு மெல்லிய தளத்தையும் சுவரையும் வைத்துக் கட்டி விற்றவர். அவர் கணக்கை முடித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டார். மிச்சம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் கடித்துக்கொள்கிறார்கள்.

கட்டடத்தில் சத்தம் இரண்டு விதமாகப் பயணம் செய்கிறது. பேச்சும் அழுகையும் காற்றின் வழியே வந்து சுவரில் மோதுகின்றன. சுவர் எவ்வளவு கனமோ அவ்வளவுக்குத் தடுக்கும்; அதன் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய 5 முதல் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். கனமான சுவராகவே இருந்தாலும், ஸ்விட்ச் பெட்டிகளுக்காக இரு பக்கமும் ஒரே இடத்தில் குடைந்திருந்தால், அல்லது குழாய் நுழைந்த ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டிருந்தால், சத்தம் அந்த வழியே வந்து சேர்ந்துவிடும். ஓட்டமும் குதிப்பும் வேறு கதை. பிஞ்சுக் குதிகால் பட்டதும் தளம் மேளத் தோல்போல அதிர்கிறது. அந்த அதிர்வு தூண், சுவர் என்று கான்கிரீட் தொடரும் இடமெல்லாம் ஏறி இறங்குகிறது. இந்தச் சத்தத்தில் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. அதனால்தான் சோபாவிலிருந்து தாவும் மூன்று வயதுப் பிள்ளை கீழ்வீட்டில் யானையாகக் கேட்கிறது.

"தரைவிரிப்பு போடச் சொல்லுங்கள்" என்பது எல்லோரும் எனக்குச் சொல்லும் யோசனை. போடலாம், தப்பில்லை. பொம்மை விழும் சத்தமும் நாற்காலி இழுபடும் சத்தமும் நன்றாகவே குறையும். ஆனால் 'தொம் தொம்' என்ற அந்தத் தாழ்ந்த சத்தத்தை மெல்லிய விரிப்பு பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. விரிப்பு வாங்கிப் போட்ட பிறகும் புகார் வருகிறதே என்று மேல்வீட்டார் கொதிக்கிறார்கள். போட்டதாகப் பொய் சொல்கிறார்கள் என்று கீழ்வீட்டார் நம்புகிறார்கள். இரு தரப்பும் உண்மையைத்தான் பேசுகின்றன. இரு தரப்பும் மற்றவரைப் பொய்யர் என்கின்றன.

இதைவிட வேடிக்கை, சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதே பல நேரங்களில் தெரியாது. ஒருமுறை ஒருவர், நேர் மேல்வீட்டுக் குழந்தைகள் இரவு பதினொரு மணிவரை ஓடியதாக எழுதிக் கொடுத்தார். அந்த வீடு அந்த வாரம் முழுவதும் பூட்டிக் கிடந்தது. சத்தம் குறுக்கே இரண்டு வீடு தள்ளியிருந்து கான்கிரீட் வழியாக வந்திருக்கிறது. அந்தக் குடும்பம் திரும்பி வந்தபோது குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர்களுடைய வளர்ப்புமுறை பற்றிய தீர்ப்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்டு ஒரு வரி வந்ததா என்று நீங்கள் கேட்கக் கூடாது.

கைக்குழந்தை விஷயத்தில் எனக்கு ஈவிரக்கமில்லாத கருத்து ஒன்று உண்டு. நள்ளிரவில் அழும் குழந்தைக்காகச் சுவரைத் தட்டுபவர் தட்டவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-இல் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமான 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டு குறித்துவரச் செய்தார். ஆறு வார வயதில் அழுகை உச்சத்துக்குப் போனது. ஒரு நாளைக்குச் சராசரியாக ஏறக்குறைய 2¾ மணி நேரம். பிறகு படிப்படியாகக் குறைந்தது. நோயில்லாத, வயிறு நிறைந்த, நன்றாகக் கவனிக்கப்படுகிற குழந்தைகளின் கணக்கு இது. ஆகவே பக்கத்து வீட்டில் குழந்தை அழுகிறது என்றால் தாய்க்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று பொருளல்ல. அவள் நம்மைவிடக் குறைவாகத் தூங்கியிருக்கிறாள் என்பது மட்டும் நிச்சயம். சுவரைத் தட்டுவதால் ஒரே ஒரு பலன்தான்: அப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை திரும்பவும் எழும்.

ஓடுகிற வயதுக் குழந்தைகளுக்கு வருவோம். ஒன்று முதல் நான்கு வயதுவரை உள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் ஓடியாடி உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பரிந்துரைத்தது. மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் ஆட்டமாக இருக்க வேண்டுமாம். அந்த மூன்று மணி நேரத்தை எங்கே செலவழிப்பது? எங்கள் வளாகத்துப் புல்வெளியில் 'விளையாடக் கூடாது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதை வைத்தே ஆக வேண்டும் என்று பொதுக்குழுவில் வாதாடியவரும், தன் தலைக்கு மேல் பிள்ளைகள் ஓடுவதாக மாதாமாதம் எழுதிக் கொடுப்பவரும் ஒரே ஆள். வெளியே விடாத கால்கள் வீட்டுக்குள்தானே ஓடும்?

இதையெல்லாம் சொல்வதால் பெற்றோர் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன் என்று எண்ண வேண்டாம். புகார் கொடுப்பவர் கற்பனை செய்யவில்லை. படுக்கையறையில் இரவில் தொடர்ந்து கேட்கும் சத்தம் 30 டெசிபலையும், திடீரென எழும் சத்தம் 45 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே வழிகாட்டியிருக்கிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்குபவருக்கு மேலே நடக்கும் ஓட்டப்பந்தயம் உண்மையான துன்பம். அழும் கைக்குழந்தையை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் இரவு பத்து மணிக்குமேல் கூடத்தில் பிளாஸ்டிக் சக்கர வண்டி உருண்டால், அது குழந்தையின் குணமல்ல, பெரியவர்களின் சோம்பல். வண்டியை எடுத்து அலமாரியில் வைக்க ஒரு நிமிடம் போதும். குதிக்கும் இடத்தில் தடித்த நுரைப்பாய் போடலாம். கட்டிலைப் பொதுச்சுவரை விட்டு நகர்த்தலாம். கீழ்வீட்டார் எப்போது தூங்குவார்கள் என்று ஒருதரம் படியிறங்கிப் போய்க் கேட்கலாம். இது எதற்கும் சங்கம் தேவையில்லை.

சட்டம் போட்டால் தீருமா என்று சிலர் கேட்கிறார்கள். ஜெர்மனி 2011-இல் மழலையர் காப்பகம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றிலிருந்து எழும் குழந்தைச் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான இரைச்சலாகக் கருதக் கூடாது என்று சட்டத்தைத் திருத்தியது. டோக்கியோ மாநகர நிர்வாகம் 2015-இல் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் குரலுக்கு ஒலி வரம்பிலிருந்து விலக்கு அளித்தது. மனிதத்தன்மையுள்ள முடிவுகள்தான். ஆனால் அவை அடுக்குமாடியில் தலைக்கு மேல் விழும் அடியைக் குறைக்கவில்லை.

நான் பொறாமைப்படுவது வேறு இரண்டு ஏற்பாடுகளைப் பார்த்து. இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் கட்டட விதிகள், இரு வீடுகளுக்கு நடுவிலுள்ள சுவரும் தளமும் சத்தத்தை எவ்வளவு தடுக்க வேண்டும் என்று எண்ணாகவே சொல்லி, கட்டி முடிக்கும் நேரத்தில் அங்கேயே அளந்து பார்க்கும் முறையையும் கொண்டுவந்தன. அடுக்குமாடிகள் நிறைந்த தென்கொரியாவில் தளங்களுக்கிடையிலான சத்தம் தேசியத் தலைவலி. சண்டைகளைப் பேசித் தீர்க்க 2012-இல் தனியாக ஒரு மையமே திறந்தார்கள். அது போதவில்லை. 2022-இல், கட்டி முடித்த வீட்டில் தளத்தை அளந்து பார்த்த பிறகே ஒப்புதல் என்ற நிலைக்கு வந்தார்கள். வரைபடத்தில் உள்ள கனமும் தரையில் ஊற்றிய கனமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே!

ஆகவே ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் இதழில் வரும் வீட்டு விளம்பரங்களில் நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், பளிங்குத் தரை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தளம் எத்தனை மில்லிமீட்டர், பொதுச்சுவர் எத்தனை டெசிபல் தடுக்கும் என்று ஒரு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. அடுத்த வீட்டுவசதிச் சிறப்பிதழுக்காகத் தங்கள் செய்தியாளர்கள் கட்டுமான நிறுவனங்களைச் சந்திக்கும்போது இந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். பதில் சொல்ல மறுப்பவர்களின் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு இடத்தைக் காலியாக விடுங்கள், அது போதும்.

இப்படிக்கு,
புகார்ப் பதிவேட்டைச் சுமக்கும் ஒரு வாசகர்