ஃபார்மட் பண்ண விடாதே, மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியை வீட்டில் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தோம். தங்கச்சியிடமும் மருமகளிடமும் எங்கள் சந்தோஷத்தைச் சொல்லு. தை பிறந்ததும் பார்க்க வருகிறோம்.

இப்போது லேப்டாப் விஷயம். கடையில் 'எஸ்எஸ்டி போயிடுச்சு, புதுசு போட்டு விண்டோஸ் ஏத்தித் தர்றேன்' என்று சொன்னதாக எழுதியிருந்தாய். எஸ்எஸ்டி என்றால் உன் கோப்புகளெல்லாம் இருக்கும் சேமிப்பு டிஸ்க். தயவுசெய்து கொடுத்துவிடாதே. அப்பாவின் வைத்தியக் குறிப்பு நோட்டைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அதில்தானே வைத்திருக்கிறாய்? மூல நோட்டைத்தான் கரையான் தின்றுவிட்டதே.

எஸ்எஸ்டி போய்விட்டது என்பதை நான் நம்பவில்லை. காரணம், நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி. பல மாதம் பீரோவில் கிடந்ததை எடுத்து ஆன் செய்ததும், தேதியும் நேரமும் சரியில்லை என்று ஒரு திரை வந்ததாம். நீ எதையோ அழுத்தித் தாண்டினாயாம். அதன் பிறகுதான் நீலத் திரை. எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். லேப்டாப்பில் அதற்குப் பிளாஸ்டிக் உறை சுற்றி, இரண்டு சின்ன ஒயர் விட்டு வைத்திருப்பார்கள். கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பல லேப்டாப்புகளில் அது தீர்ந்துபோனால் தேதியோடு பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளும் கம்பெனியில் இருந்து வந்த நிலைக்கே திரும்பிவிடும். உன்னுடையது இன்டெல் 11ஆம் தலைமுறை. அந்தத் தலைமுறையில் இருந்து பயாஸில் 'விஎம்டி' என்று, எஸ்எஸ்டியை இடையில் நின்று நிர்வகிக்கும் ஒரு அமைப்பு உண்டு. அது ஆன் ஆக இருந்தால், அதற்கான டிரைவர் மென்பொருளைத் தனியாகக் கொடுக்காதவரை விண்டோஸ் இன்ஸ்டாலருக்கு எஸ்எஸ்டி கண்ணுக்கே தெரியாது. கடையில் பென் டிரைவ் போட்டுப் பார்த்து 'டிஸ்கே காட்டலை' என்றது இதனால்தான் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் முன்பு ஒருவர் விண்டோஸ் மறுபடி போட்டுக் கொடுத்தாரே, அவர் விஎம்டியை அணைத்துவிட்டுப் போட்டிருப்பார். இப்போது அது தானாக ஆன் ஆகிவிட்டது. விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் நீலத் திரையில் நிற்கிறது.

இவ்வளவு பிடிவாதமாக நான் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் காரணம். போன மார்கழியில் என் பழைய லேப்டாப் 'நோ பூட்டபிள் டிவைஸ்', அதாவது தொடங்க டிஸ்க் எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. அதில் இருந்தது எஸ்எஸ்டி இல்லை, உள்ளே தட்டு சுற்றும் பழைய வகை ஹார்ட் டிஸ்க். அதில்தான் அம்மா பாடின நலுங்குப் பாட்டுகள் இருந்தன. வேறு எங்கும் பிரதி கிடையாது. இங்கேயும் ஒரு கடையில் அதே வார்த்தைதான் சொன்னார்கள். மனசு கேட்கவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்க் இருக்க வேண்டிய இடம் காலி. அணைத்து மறுபடி போட்டு, கை வைக்கும் இடத்தில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே மெல்லிய ரீங்காரம். 'டக் டக்' என்ற சத்தம் இல்லை. அது இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும், டிஸ்க்கைப் படிக்கும் உள்முனை அடிபடுகிறது என்று அர்த்தம். சுற்றுகிறது, ஆனால் தெரியவில்லை. அப்படியானால் மின்சாரம் போகிறது, தகவல் வரவில்லை. பின்மூடியைக் கழற்றினேன். டிஸ்க்கில் இருந்து போர்டுக்குப் போகும் தட்டையான ரிப்பன் கேபிள், மடியும் இடத்தில் நகத்தால் கீறின மாதிரி வெளுத்திருந்தது. டிஸ்க்கை எடுத்து, வெளியில் இருந்து செருக உதவும் யூஎஸ்பி கேஸில் போட்டு மகளின் லேப்டாப்பில் செருகினேன். லினக்ஸ் அதை உடனே காட்டியது.

அப்போதும் அவசரப்படவில்லை. டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தில், படிக்க முடியாத செக்டார்கள், அதாவது சின்னச் சின்னப் பகுதிகள், சில இருந்தன. இந்த நிலையில் விண்டோஸின் டிஸ்க் சரிபார்க்கும் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டுவது பெரிய தப்பு, பலவீனமான டிஸ்க்கைப் போட்டு உலுக்கும். கெட்டுப்போகும் டிஸ்க்கில் இருந்து தகவலை மீட்கும் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளைக் கொண்டு முழு டிஸ்க்கையும் வேறொன்றில் நகலெடுத்தேன். அது நல்ல இடங்களை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பி வரும். எதுவரை முடிந்தது என்று ஒரு கோப்பில் குறித்தும் வைக்கும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். விடியற்காலையில் முதல் பாட்டைப் போட்டேன். பாடி முடித்துவிட்டு அம்மா "போதுமா தம்பி?" என்று கேட்கிறாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், மாப்ளே.

சரி, நீ செய்ய வேண்டியது இது. ஆன் செய்ததும் எஃப்2 தட்டி பயாஸுக்குள் போ. அந்த மாடலில் எஃப்2 இல்லையென்றால் டெலிட் அல்லது எஃப்10. எஸ்எஸ்டியின் பெயரும் அளவும் எங்காவது தெரிகிறதா என்று தேடு, விஎம்டி பக்கத்திலும் பார். தெரிந்தால் அது உயிரோடு இருக்கிறது. விஎம்டி என்ன நிலையில் இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, பிறகு விஎம்டியை அணைத்துச் சேமி. விண்டோஸ் பழையபடி வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண் கேட்டால் பயப்படாதே, உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பெரும்பாலும் இருக்கும். தப்பித் தவறியும் 'ரீசெட்' என்று எதையும் அழுத்தாதே.

பெயரே தெரியவில்லை என்றால் எதையும் தொடாமல் வை, நானே வந்து எஸ்எஸ்டியைக் கழற்றிச் செருகிப் பார்க்கிறேன். நீயாகக் கேஸ் வாங்கிவிடாதே. எம்.2 எஸ்எஸ்டியில் என்விஎம்இ, சாட்டா என்று இரண்டு வகை, ஒன்றுக்கான கேஸ் மற்றதற்கு ஆகாமல் போகலாம்.

விண்டோஸ் வந்ததும் முதல் வேலை, அப்பாவின் நோட்டை இரண்டு இடத்தில் நகல் எடு. ஒன்றை எனக்கு அனுப்பு, நான் பத்திரமாக வைக்கிறேன். பேட்டரியை அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன். லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்